மிங்கலாடோனில் வாங்காத துப்பாக்கி

தாமுவே, யாங்கோன்
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் அஷ்ஃபாக்குக்கு வாப்பாவின் ஸலாம். பினாங்கில் அல்லாஹ் உன்னை நலமாக வைத்திருக்கட்டும்.

உம்மா சுகம். கரண்ட் நாளுக்கு நாலு மணி நேரம்தான் வருகிறது; தண்ணீர் ஏற்றுவதற்குள் போய்விடுகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். போனில் சொல்ல முடியாததை எழுதி உன் மாமி அப்ஸானாவிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

வார்டு அலுவலகத்தில் என்னைக் கட்டாயமாக எழுத்து வேலைக்கு வைத்தது உனக்குத் தெரியும். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியலை நான்தான் எழுதினேன். பதினேழு பேர் வேண்டும் என்றார்கள். பதினேழாவது பெயர் உன்னுடையது. உன்னைப் பினாங்குக்கு அனுப்பிவைத்த பிறகு, அந்தப் பெயரை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு பிரதி எடுத்தேன். உபரிப் பெயராகப் பதினெட்டாவது இருந்த பைசல் மேலே வந்துவிட்டான். மீரா முகைதீன் மாமாவின் ஒரே மகன், உன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன். போன மாதம் அவன் இறந்துவிட்டதாகத் தாள் வந்தது. அடக்கம் செய்ய மய்யித்துகூட வரவில்லை.

பக்கத்து வார்டில் என்னைப் போல் பட்டியல் எழுதியவரைத் தேநீர்க் கடையில் வைத்துச் சுட்டுவிட்டார்கள். பிறகு நம் கடைக் கதவுக்கடியிலும் ஒரு மிரட்டல் சீட்டு கிடந்தது. போட்டது யாரென்று தெரியவில்லை. பயந்துவிட்டேன், மகனே. கூரை மாற்ற நீ அனுப்பிய முப்பது லட்சம் கியாட்டை எடுத்துக்கொண்டு, உம்மாவுக்குத் தெரியாமல் மிங்கலாடோனுக்குப் போனேன். அங்கே முன்னாள் சிப்பாய் ஒருவர் கைத்துப்பாக்கி விற்கிறார்.

இரண்டைத் துணியில் விரித்து வைத்தார். ஒன்று நல்ல கம்பெனிச் சாமான், எழுபது லட்சம். மற்றது எங்கோ பட்டறையில் அடித்தது. என் காசுக்கு அதுதான். "ஊ பர்கத், நல்லது வித்துப் போச்சு, ஆள் இப்ப வந்துருவார்" என்று பர்மியில் சொன்னார். வாங்குகிறவர் தன் மகன் கல்யாணத்துக்குச் சேர்த்த பணமாம்.

வந்தவர் மீரா முகைதீன்.

இரண்டு பேரும் ஸலாம்கூடச் சொல்லவில்லை. அவர் தன் சாமானை மங்குஸ்தான் பழப் பையின் அடியில் வைத்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். "அது வேணாம் பர்கத்து. சிக்கிக்கும். காசுக்குப் புடிச்ச கேடு" என்றார். கீழே வைத்துவிட்டேன்.

ஒரே பஸ்ஸில் திரும்பினோம். வழியில் சிப்பாய்கள் ஏறிப் பைகளைக் குடைந்தார்கள். நான் வார்டு அட்டையைக் காட்டி, இவர் என்னோடு வந்தவர் என்றேன். பழப் பையைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. அவரும் பிடிபட்டால் அந்த வீட்டில் யார் மிச்சம்?

சிப்பாய்கள் இறங்கிய பிறகு அவர் கேட்டார்: "உன் பையன் எத்தனாவது பேரு?"

பதினேழு என்றேன்.

"என் பையன்?"

பதினெட்டு என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

இன்று ஜும்ஆவில் என் வரிசையில்தான் நின்றார். பணம் உம்மாவின் பெட்டியில் இருக்கிறது. வேலையை விட்டு நிற்க விடமாட்டார்கள். ஓடிவிட்டால் உம்மாவைப் பிடிப்பார்கள். உம்மாவை அங்கே கூப்பிட்டுக்கொள்ள வழி பார். நான் வர மறுக்கிறேன் என்று மட்டும் அவளிடம் சொல், காரணம் சொல்லாதே.

எனக்கு ஏதாவது ஆனால், யார் செய்தது என்று யாரிடமும் கேட்காதே. ஊருக்கும் வராதே. உன் மனசில் குற்றம் வைத்துக்கொள்ளாதே, பேனா என் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு தொழுகையிலும் பைசலுக்காக துஆ கேள். அவனுக்குக் கேட்டு முடித்த பிறகு, மனசு வந்தால், எனக்கும் கேள்.

உன் ஆயுளை அல்லாஹ் நீளமாக்கித் தரட்டும்.

உன் வாப்பா
பர்கத்துல்லா