மேல் ஸ்தாயி மங்கும் வகை

சிதம்பரம்
17.6.2009

அன்பு மகள் வெண்மதிக்கு,

அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே அம்மாவும் தம்பி எழிலனும் சுகம். நானும் சுகம் என்று எழுதிவிட்டுச் சற்று யோசித்தேன், அந்த வரியை அடிக்காமல் விட்டுவிட்டேன். வாராவாரம் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை ஏதோ முக்கியமாகச் சொன்னாய். நான் சரி என்றேன். நீ சொன்னது எனக்குக் கேட்கவில்லை. மறுபடி போனில் கேட்டால் மறுபடியும் கேட்காது. எஸ்.எம்.எஸ். அனுப்பலாமென்றால் அந்த போன் எப்போதும் அம்மா கையில்.

முதலிலிருந்து சொல்கிறேன், எனக்கே இன்னும் தெளிவாகவில்லை. மாசி மாதம் மணவாளன் ஒரு கிராமபோன் கொண்டுவந்தார், புவனகிரியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறாரே அவர்தான். என்னிடம் ஏற்கெனவே பத்து. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் ஒன்றைப் போல ஒன்று இருக்காது, உனக்குத் தெரியும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் குண்டுகள் ஒன்றில் மூன்று இருக்கும், ஒன்றில் நான்கு. அதையெல்லாம் நோட்டில் வகை பிரித்து எழுதிவைப்பேன். இந்தப் பதினொன்றாவதில், ஊசியின் அதிர்வைச் சத்தமாக்கும் மைக்கா தகடு இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியத் தகடு. இசைத்தட்டைப் போட்டேன். பாடுகிறவள் மேலே போனதும் குரல் மறைந்தது. மிருதங்கம் அப்படியே இருந்தது. கீழே இறங்கியதும் குரல் திரும்பி வந்தது. மேல் ஸ்தாயி மங்கும் வகை, அபூர்வம், என்று சிவப்பு மையில் எழுதினேன். அன்று நல்ல பசி.

ஒப்பிட்டுப் பார்க்க நான்காவது பெட்டியை எடுத்தேன். அதில் மைக்கா தகடுதான். அதிலும் மங்கியது. ஏழாவது. அதுவும். சித்திரை முடிவதற்குள் பதினொன்றில் ஒன்பது அந்த அபூர்வ வகைக்கு வந்துவிட்டன, மீதி இரண்டுக்குச் சாவி இல்லை. இருபது வருஷமாகக் கேட்ட பெட்டிகள், ஒன்றாகச் சேர்ந்து எப்படி மாறும்? தகட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் இறுகியிருக்கும் என்று எல்லாவற்றிலும் மாற்றினேன். சாக்பீஸ் கோடு போட்டுச் சுற்றுகளை எண்ணினேன். நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு. சரி. தடித்த ஊசி போட்டேன், அது சத்தத்தைக் கூட்டும். அம்மா வந்து நின்று, “ஏங்க, எதிர் வூட்டு அம்மா நம்ம வூட்ல என்னா விசேஷம், பத்திரிகையே வைக்கலியேன்னு கேக்குறாங்க” என்றாள். எனக்கு அப்போதும் மங்கலாகத்தான் இருந்தது.

மணவாளனை வரச்சொன்னேன். பாட்டு நிற்கும் இடத்தில் இரண்டு பேரும் கையைத் தூக்கலாம் என்றேன். நான் தூக்கிவிட்டேன். அவர் தலை ஆடிக்கொண்டே இருந்தது. இன்னும் அரை நிமிஷம் ஆடியது. பிறகு என்னைப் பார்த்தார். “மாமா, அவ தொண்ட கிழிய பாடிக்கினு இருக்கா, நீங்க என்னாத்துக்குக் கையத் தூக்குறீங்க?” என்றார். சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

ஒரு பெட்டி பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நேற்று கடலூர் போனேன். காது டாக்டர். கண்ணாடி அறையில் உட்காரவைத்து இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்த வேண்டும். பல நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். “கீழ் சத்தம் நல்லா கேக்குது சார். மேல போகப் போகத்தான் இல்ல. பொம்பளைங்க பேச்சுதான் ஜாஸ்தி சிரமம், மொகத்தப் பாத்து சமாளிச்சிருப்பீங்க” என்றார் டாக்டர். அது உண்மை. அம்மாவை முகம் பார்த்துத்தான் கேட்டுவந்திருக்கிறேன் போல. எத்தனை நாளாக என்று தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, பரங்கிப்பேட்டை தாண்டி, உன் நினைவு வந்தது. போனில் முகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கேட்டது இவ்வளவுதான். அப்பா என்றாய். நடுவில் கோபமா என்றாய். அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்க என்று இரண்டு தடவை நிறுத்திச் சொன்னாய். மற்றதெல்லாம் தட்டு முடிந்த பிறகு ஊசி ஓடும் ஓசை. லைன் சரியில்லை என்று நினைத்தேன். நீ காத்திருந்தாய், ஏதாவது சொல்ல வேண்டும், சரிம்மா, உனக்கு எது நல்லதுன்னு படுதோ செய் என்றேன். அதன் பிறகு நீ அழுதாயா சிரித்தாயா தெரியவில்லை. இரண்டும் மேல் ஸ்தாயி.

மூன்று நாளாக என்னென்னவோ நினைக்கிறேன். கல்யாணமா. வேலையை விடுகிறாயா. உடம்புக்கு ஏதாவதா. அம்மாவிடம் கேட்க முடியாது, சொல்லாதே என்றது மட்டும் தெளிவாகக் கேட்டுவிட்டது. நான் சொன்ன சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவா என்றும் யோசித்தேன். நீ சந்தோஷமாகச் சொல்லியிருந்தால் அது உன்னை அடிப்பது போல. ஆபத்தான காரியமாக இருந்து நான் பேசாமல் இருந்தால் அதைவிட மோசம். எனக்குத் தெரியவில்லை மகளே. சரி என்றது நான்தான். கேட்டுவிட்டுச் சொன்னது அல்ல. முடிந்தால் என் பதில் வரும்வரை பொறு. பொறுக்க முடியாததாக இருந்தால், தனியாகச் செய்யாதே, கூட யாரையாவது வைத்துக்கொள். அது எதுவானாலும் எழுது, இந்தத் தடவை முழுதும் தெரிந்துகொண்டு பதில் சொல்கிறேன்.

வெயிலில் தண்ணீர் நிறையக் குடி. டூட்டிக்குச் சாப்பிடாமல் போகாதே. எழிலன் டிப்ளமோவில் ஒரு பேப்பர் அரியர், கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதே. ஆனித் திருமஞ்சனத்துக்குக் காட்டுமன்னார்கோயில் மாமா வீட்டில் எல்லோரும் வருகிறார்கள், உனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன். நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியட்டும், அது என்னவென்று தெரியாமலே சொல்கிறேன்.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, அம்மா பிரித்துவிடுவாள். மணவாளன் கடை விலாசம் கவரின் உள்பக்கம் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்க வேண்டாம், என் கண் நன்றாகத்தான் இருக்கிறது.

உன் அப்பா,
ஞானசேகரன்