ஒரு பக்கம் மட்டும் மின்னிய கிண்ணம்

குற்றாலத்தில் இன்று நல்ல சாரல். விருந்தாளிகளை அருவிக்கு அனுப்பிவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் ஈர விறகு புகைந்தது. அந்தப் புகை மூக்கில் ஏறியதும், தென்காசியில் என் வீட்டுக் கொல்லையில் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சூளை முன் நீ குந்தியிருந்தது நினைவுக்கு வந்துவிட்டது. வாங்கிய டீ ஆறிப்போனது.

குவைத்தில் உன் வீட்டுக்காரர் ஒரே ஒரு முறை உன்னை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக்குள் ஒரு கிண்ணம். ஆயிரம் வருஷத்துக்கு முன் ஈராக்கில் வனைந்த மண் கிண்ணம், பொட்டுப் பொன் இல்லாமல் பொன்னாக மின்னியது. வெள்ளியும் செம்பும் சேர்ந்த கலவையால் பூ எழுதி, புகையில் மறுபடி சுட்டிருக்கிறார்கள் என்று அவர்தான் வாசித்துச் சொன்னாராம். கொஞ்ச நாளில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. நீ தனியாகக் கடையநல்லூர் திரும்பினாய். உன் கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை.

பள்ளிக்கூடத் தோழி என்ற உரிமையில் என்னிடம் வந்தாய். "அந்த மினுக்கத்த இன்னொரு தடவ பாக்கணும்ட்டி. அங்க திரும்பிப் போக மனசு வரல. இங்கனயே சுட்டுப் பாப்போம்."

முதலில் சுட்ட கிண்ணங்கள் எல்லாம் வெடித்தன. பிறகு கருகின. எதிர்வீட்டு அண்ணாச்சி வாசலில் நின்று கத்தினார்: "தெருவே இருமுது! ரெண்டு பேருக்கும் கிறுக்கா பிடிச்சிருக்கு?" எனக்கு அலுத்துவிட்டது. நீ அடுத்த கலவையை அரைத்துக்கொண்டிருந்தாய்.

ஒரு நாள் சூளையிலிருந்து வெளியே எடுத்த கிண்ணமும் கரிக்கட்டை மாதிரிதான் இருந்தது.

"விட்டுருட்டி. என்னால முடியல" என்றேன்.

நீ அதை முந்தானையால் தேய்த்தாய். மேலே கருகிப் படிந்த கலவை மண் உதிர்ந்தது. ஒரு பக்கம் மட்டும் செம்பொன்னாய் மின்னியது.

"இதான்... இதத்தான் அவிய எனக்குக் காட்டுனாவ."

அப்போதுதான் அழுதாய். பொழுது சாயும் வரை அழுதாய். மறுபக்கம் மின்னாததை நீ கவனிக்கவே இல்லை.

அடுத்த சாரல் வருமுன் நீயும் போய்விட்டாய். கிண்ணத்தை அடக்கத்துக்கு வந்த உன் மகள் கொண்டுபோனாள், அது நியாயம்தான். என்னிடம் இருப்பது நீ பூ எழுதிச் சுடாமல் விட்ட ஒரு தட்டு. பார்த்தால் செம்மண் அப்பியது போலத்தான் இருக்கிறது. அதன் ஓரத்தில் உன் கட்டைவிரல் ரேகை பதிந்து காய்ந்திருக்கிறது. சுட்டால் மின்னலாம், கருகியும் போகலாம். இரண்டையும் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அலமாரியில் வைத்திருக்கிறேன். தூசி படிகிறது. துடைக்க மட்டும் கை போவதில்லை.