மூணு தபா டார்ச்

அன்புள்ள நைனாவுக்கு,

மகிழினி எழுதுவது. டெல்லிக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் முட்டிவலி தேவலையா?

விமானத்தில் பின்னால் இடமில்லை என்று என்னைப் பிசினஸ் கிளாசில் சன்னலோரம் உட்காரவைத்தார்கள். மேலே ஏறியதும் எண்ணூர்க் கடலில் படகு விளக்குகள் மிதந்தன. கரை திரும்பும்போது நீ படகிலிருந்து மூணு தபா டார்ச் அடிப்பாயே, அதுபோல என் தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்து அணைத்துப் போட்டேன்.

பணிப்பெண் ஓடிவந்து, “என்ன வேணும் மேடம்?” என்றாள்.

“ஒண்ணும் வாணாம்மா, எங்க நைனா கீழ கீறாரு” என்று சொல்லிவிட்டேன்.

கீழே ஒரு விளக்கு அணைந்து எரிந்தது. அலை மறைத்திருக்கலாம். நீதான் என்று வைத்துக்கொண்டேன். நாற்காலி கட்டிலாக நீண்டது, தூங்கிப்போனேன்.

நெத்திலிக் கருவாடு கொஞ்சம் அனுப்பு. டூட்டிக்கு நேரமாகிவிட்டது. டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டுவை நைனா. பொங்கலுக்கு வந்து திரும்பும்போதும் சன்னலோரம்தான் கேட்பேன்.

மகிழினி