ஈரத்தின் மேல் விரித்த அட்டை

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்க வேண்டும்தான், ஆனால் எனக்கு உன் மேல் கோபம். எத்தனை தடவை போன் செய்வது? நம் கடையின் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போனால் காதும் அடைத்துப்போகுமா?

கடையில் வழுக்கி விழுந்து உடைந்த என் இடுப்பெலும்பு கூடிவிட்டது. ஆனால் டாக்டர், "இனி நின்னு செய்ற வேலை வேணாம்மா" என்கிறார். பத்து வருஷமாக அந்தக் கடையில் நான் உட்கார்ந்த இடம் கழிவறை மட்டும்தான். பில் போடும் நாற்காலியைக் கேட்டேன். கடையின் தவறால் விழுந்தேன் என்று விசாரணையில் முடிவானால் தருவார்களாம். என் கவனக்குறைவு என்றால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை முடிவு சொல்கிறார்கள்.

நம் சிடுமூஞ்சி மேனேஜர் எழுதிக் கொடுத்திருப்பதைப் படித்தால் உனக்கு வயிறு எரியும். பால் வைக்கும் குளிர்பெட்டி ஒழுகவே இல்லையாம். யாரோ வேலை மெனக்கெட்டுத் தரையில் அட்டை போட்டார்களாம், நான் பராக்குப் பார்த்துக்கொண்டு மிதித்தேனாம். மஞ்சள் எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தால் வாடிக்கையாளர் அந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்று அதைப் பின்னறையில் பூட்டியது யார்? காலி அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தண்ணீர் மேல் விரிக்கச் சொன்னது யார்? நமக்கும் புத்தி எங்கே போயிற்று? தினமும் காலையில் விரித்தோம், ஊறியதும் உரித்தெடுத்தோம், வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

பில் போடும் பெண் "நான் ஒண்ணும் பாக்கலக்கா" என்று ஒதுங்கிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லவில்லை. இல்லை, சொல்கிறேன். எத்தனை நாள் என் சாப்பாட்டில் கை வைத்தவள். என் வீட்டுக்காரரோ "போனா போகுது விடு" என்கிறார். விழுந்தது அவர் இல்லையே.

அட்டையை விரித்தது யார் என்று விசாரணையில் கேட்டார்கள். அன்று அது உன் முறை. நீ ஏன் போன் எடுப்பதில்லை என்று எனக்குத் தெரியாதா? நான்தான் விரித்தேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அதை மாற்ற மாட்டேன். விரிக்கச் சொன்னது யார் என்பதை மட்டும் நீ எழுதி அனுப்பு. அதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை.

அங்கே யார் சொன்னாலும் ஈரத்தைத் துடைக்காமல் நடக்காதே. நீயாவது விழாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமைக்குள் உன் பதிலை எதிர்பார்க்கும்
அக்கா