பர்மா பக்கம் திறந்த பாதை

1944 ஏப்ரல், ஞாயிறு இரவு.

காலையில் எழுந்ததும் முதலில், ரங்கூனுக்குப் போன என் கணவர் விட்டுப்போன சட்டைகளை வெயிலில் உலர்த்தினேன். பிறகு நாத்தனாருக்குப் பத்திரிகை வாசித்தேன். ஜப்பான் படை பர்மா எல்லையைத் தாண்டி மணிப்பூருக்குள் நுழைந்துவிட்டதாம்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். "பாதை திறந்துருச்சுல்ல மதினி. அவனுக பின்னாலயே அண்ணன் நடந்து வந்துருவாக. தாடியும் அதுவுமா வருவாக, அடையாளம் தெரியாம வெரட்டிராதீக."

நானும் சிரித்து வைத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் ரங்கூன் ஜப்பான்காரர் கையில் விழுந்த பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தப்பி வந்தவர்கள் யாரும் அவரை வழியில் பார்க்கவில்லை. இப்போது அந்த வழியில் பீரங்கிகள் நிற்கின்றன. அவளிடம் அதை எப்படிச் சொல்வது?

அவர் கதவைத் தட்டும்போது நான் இருக்க வேண்டும் என்றுதான் உத்தமபாளையத்தை விட்டு நகராமல் இருந்தேன். இனிக் காத்திருக்காமல், மதுரையில் ஒரு பள்ளியில் கூப்பிட்ட ஆசிரியை வேலைக்குப் போய்விடப் போகிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.