யாருக்குள் என்று கேட்கும் வினை

மார்ச் 4, 2024
இன்று மொழிபெயர்ப்பு அறைக்கு வந்தவர் ஒரேயொருவர், செபநாயகம் ஐயா. மனைவியின் முப்பத்தோராம் நாள் நினைவுமலருக்கு, மெல்பேணிலிருந்து மகன் ஆங்கிலத்தில் எழுதிய அஞ்சலியைத் தமிழாக்க வேண்டும். ஒரு வரியில் நின்றுவிட்டேன். அம்மா எங்களுக்குள் நேர்மையை 'இன்ஸ்டில்' செய்தார்.

மார்ச் 5
அகராதி: நற்பண்பை மெல்ல மெல்ல மனத்தில் பதியவைத்தல். பழைய பொருள், துளித்துளியாக விடுதல். 'கற்பித்தார்' என்றால் வகுப்பறை. 'புகட்டினார்' என்றால் வாயைப் பிடித்து ஊற்றியது போல. அதோடு, எதை என்று மட்டும் சொன்னால் இந்த வினைக்குப் போதாது. யாருக்குள் என்றும் சொல்ல வேண்டும்.

நான் என்றால் யாருக்குள்? மகள் ஆரணிக்குள்ளா?

மார்ச் 9
மகள் என்னோடு கதைத்து இரண்டு வருடம் ஏழு மாதம். அவள் கணவன் கிருஷாந்தின் விசாவுக்கு, பிறந்த திகதியை மாற்றி மொழிபெயர்த்து முத்திரை குத்தித் தரச் சொன்னாள். மறுத்தேன்.
"பெத்த பிள்ளையை விட உங்களுக்கு உந்தச் சீல் பெரிசோ?"
ஒரு வருடம் பிந்தி, சரியான திகதியோடே லண்டன் போனார்கள். போகும்போது எனக்குச் சொல்லவில்லை.

மார்ச் 12
மழை. சாப்பாட்டுக்குப் பாணும் சம்பலும். ஒருவரோடும் கதைக்கவில்லை.

மார்ச் 14
'அம்மா எங்களுக்குள் நேர்மையைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்' என்று எழுதிக் கொடுத்தேன். செபநாயகம் ஐயா இரண்டு தரம் வாசித்தார்.
"ஓம் பிள்ளை. அவ ஒருநாளும் புத்தி சொன்னதில்லை. பக்கத்து வளவுத் தேங்காய் எங்கடை பக்கம் விழுந்தால் கொண்டுபோய்க் குடுப்பா. பிள்ளையளும் பின்னாலை போகுங்கள்."
நான் வாய் ஓயாமல் புத்தி சொன்னவள். சொன்னதெல்லாம் எங்கே போனது?

மார்ச் 21
பின்னேரம் போனில் லண்டன் இலக்கம். முதலில் அழுகைதான் கேட்டது.
"அம்மா, வேலை போயிட்டுது."
அவள் வேலை செய்த முதியோர் இல்லத்தில், கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாகக் கையெழுத்து வைக்கச் சொன்னார்களாம்.
"எல்லாரும் வைச்சவை. எனக்குக் கை வரேல்லை. எல்லாம் உங்களாலைதான்."
கோபமா, வேறு ஏதாவதா? தெரியவில்லை. பெருமைப்படவும் பயமாக இருந்தது. பிள்ளைக்கு வேலை போய்விட்டதே.
"சாப்பிட்டியோ?" என்றேன்.
"இல்லை. இப்பதான் சமைக்கப்போறன். போனை வைச்சிடாதேங்கோ அம்மா."
வைக்கவில்லை. அவள் வெங்காயம் வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.