படைக்க முதல் ஒரு பங்கு

கிளிநொச்சி,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய பாஸ்டர் கனகலிங்கம் அவர்களுக்கு,

இந்த முறை அப்பா என்று போடவில்லை. ஏனென்று உங்களுக்கே தெரியும். போனில் கதைத்தால் நீங்கள் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்லி, நேற்று மாதிரித்தான் முடியும். அதனால் எழுதி, பூநகரி பஸ் றைவரிடம் குடுத்துவிடுறன். கர்த்தர் உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும். கோபத்தில் இருந்தாலும் இதை மனதாரத்தான் எழுதுறன்.

நேரே விசயத்துக்கு வாறன். ஞாயிறு காலை இரணைமடுக் குளத்தில் எனக்கு ஞானஸ்நானம். அன்றைக்குத்தான் என்னைப் பெத்த அப்பாவின் ஆட்டைத் திவசமும், அவர் செத்து ஒரு வருசம். திதியையும் நான் குறிக்கவில்லை, ஞானஸ்நானத்தையும் நான் குறிக்கவில்லை. இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்திட்டுது. முங்கினவன் படைக்கக்கூடாது என்கிறது சபை. வீட்டிலோ, கொள்ளி வைத்தவன்தான் செத்தவருக்குச் சோறு படைக்க வேண்டும். தம்பி விதுசன் படைக்கட்டுமே என்று அம்மாவிடம் கேட்டுப் பார்த்தன். நீ தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டு இருந்தா அந்த மனுசன் வாசல்ல நின்னு யாருகிட்டடா சோறு கேக்கும் என்றா. வன்னிக்கு வந்து இத்தனை வருசமாகியும் அவாவின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பேச்சு மாறவில்லை. பிடிவாதமும் மாறவில்லை.

நேற்று அவா ஜெபவீட்டுக்கு வந்தது சண்டை பிடிக்க இல்லை. ஞானஸ்நானத்தை ஒரு கிழமை தள்ளிப் போடுங்கோ என்று கேட்கத்தான். செருப்பை வெளியில் கழற்றிவிட்டு, சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றா. நீங்கள் சபைக்கு முன்னால் என்ன சொன்னீர்கள்? சோறு கேட்கிறது உங்கடை மனுசன் இல்லையம்மா, பிசாசு என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்து, படைத்தாயென்றால் இந்தப் படி ஏறாதே என்றீர்கள். நான் கதிரையைத் தள்ளிவிட்டு வெளிக்கிட்டன்.

போன வருசம் வவுனியா ஆஸ்பத்திரிக்கு நீங்கள் வந்தது பக்கத்துக் கட்டில் ஆளைப் பார்க்க. அப்பா சிறுநீரக வருத்தத்தோடு, தாடி மண்டிப்போய்க் கிடந்தார். நான் சவரக்கத்தியோடு முழிசிக்கொண்டு நின்றன். மோட்டருக்குக் கம்பி சுத்துற கை, அவரின் கன்னத்தில் வைக்கப் பயந்தது. நீங்கள் அதை வாங்கி வழித்துவிட்டீர்கள். வேத வசனம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா கண்ணாடி கேட்டார். நீங்கள் கீழே போய் உங்கடை மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தீர்கள். மாப்பிள்ள மாதிரி இருக்கேனாடா என்று என்னிடம் கேட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் காணவில்லை.

செத்தவீட்டில் எல்லாரும், இனி வீட்டுக்கு ஆம்பிளை நீதான் என்று என் தலையில் ஏற்றிவிட்டுப் போச்சினம். நீங்கள் மட்டும் பரமேஸ்வரன் என்று அப்பாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தீர்கள். நான் சபைக்கு வந்தது அந்த ஒரு சொல்லுக்காக. தண்ணிக்குள் முங்கினால் என்ன மாறும் என்று கேட்டதுக்கு, எனக்கென்னடா தெரியும், முங்கிப்போட்டு வந்து நீ சொல்லு என்றீர்கள். பொய் சொல்லத் தெரியாத ஆள், நம்பலாம் என்று நினைத்தன். ஜெபவீட்டுக் கிணற்றில் பம்ப் பூட்டிய அன்றைக்கு, உங்களைப் பார்த்து, அப்பா, அந்தக் குறட்டைத் தாங்கோ என்று என்னையறியாமல் வாயில் வந்திட்டுது. நீங்கள் குறட்டை எடுத்துத் தந்தீர்கள். அன்றிலிருந்து உங்களை அப்படித்தான் கூப்பிடுறன்.

பெயர் சொல்லி ஜெபித்த அதே வாயால் பிசாசு என்றால் நான் எதை நம்புறது?

இயேசுவை நான் விடவில்லை. இன்றைக்குக் காலையும் ஜெபித்தன். அப்பா வந்து சாப்பிடுவார் என்றும் நான் நம்பவில்லை. அம்மா நம்புறா. அவாவுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். அதனால் ஞாயிறு காலை குளத்தடியில் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். மத்தியானம் நான் படைப்பன். அதுக்குப் பிறகு சபையில் என்னை வைத்திருக்கிறதும் விடுகிறதும் உங்கடை பாடு. விடப்போகிறீர்கள் என்றால் ஆள் விட்டுச் சொல்லாமல் நீங்களே வந்து சொல்லுங்கோ. ஒரு அப்பாவுக்குக் கொள்ளி வைத்து ஒரு வருசம்தான் ஆகுது.

வேறு ஒரு விசயம். மைக் வயர் பிளக்கடியில் உரிந்துபோய் இருக்கு. நீங்கள் பிளாஸ்டர் சுத்தி வைத்திருக்கிறீர்கள். நான் வந்து மாத்தும்வரை அதைத் தொட வேண்டாம், ஈரக்கையால் தொடவே வேண்டாம். சண்டை வேறு, வயர் வேறு.

கடைசியாக, அம்மா எழுதச் சொன்னது. எங்கடை வீட்டில் படைக்க முதல் ஒருத்தரும் வாயில் வைக்கிறதில்லை, உப்புக்கூடப் பார்க்கிறதில்லை. படைத்த சோறு நீங்கள் தின்னமாட்டீர்கள் என்று அவாவுக்குத் தெரியும். அதனால் படைக்க முதல் உங்களுக்கு ஒரு பங்கு எடுத்து மூடி வைக்கிறாவாம். நேற்று நீங்கள் அப்படிச் சொன்ன பிறகும் வைக்கிறாவாம். அப்பா கோவிக்கமாட்டாரா என்று கேட்டன். அவருக்குச் சவரம் செஞ்ச கைதானடா சாப்பிடப்போவுது என்றா.

மற்றப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் குடுத்து முடித்துவிட்டு வாங்கோ. படையலைப் பார்க்க வேண்டாம். கதிரையை வெளியில், வேம்புக்குக் கீழே போட்டு வைக்கிறன். ஜெபமும் வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கோ. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கழற்றிய மோட்டார் சைக்கிள் கண்ணாடி இன்னும் ஆடிக்கொண்டுதானே இருக்கு. நட்டு வாங்கி வைத்திருக்கிறன், இறுக்கிவிடுறன்.

வழமையாக இந்த இடத்தில் உங்கள் மகன் என்று எழுதுவன். இன்றைக்கு வெறுமனே விட்டிருக்கிறன். வாங்கோ.

வினோதன்